காணாமல் போன சாணி

மாரீஸ்வரி விடிந்ததும் கூடையும் கையுமாகத் தோப்புக்குள் போனாள். அள்ளுவதற்குச் சாணி இல்லை.

முந்தின நாள் சாயங்காலம் அறுபது மலைமாடுகள் அங்கே வந்து படுத்திருந்தன. அறுபது மாடு இரவு முழுக்க அசைபோட்டுக்கொண்டு கிடந்தால் எவ்வளவு சாணி விழும் என்று மாடு வளர்க்கிறவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. எந்தெந்த மாமரத்துக்கு எத்தனை கூடை என்று படுக்கும்போதே மனதுக்குள் பங்கு பிரித்து வைத்திருந்தாள். இப்போது பார்த்தால் மாடுகள் நிற்கின்றன. அவற்றின் காலடியில் தவிடு போல ஏதோ பொரபொரவென்று சிதறிக் கிடக்கிறது. அங்கங்கே புது மண் குவிந்திருக்கிறது. சாணியென்று சொல்ல ஒன்றுமில்லை.

அவளுக்கு வந்த கோபம் நேரே மாரிச்சாமி மேல்தான் போனது. மாட்டுக்காரன் அவன்தான். வத்திராயிருப்புப் பக்கத்துக்காரன், முப்பது வயதிருக்கும். ஒரு காலத்தில் அவனுடைய மாடுகள் மலைக்குள்ளேயே மேய்ந்தன. இப்போது வனத்துறை உள்ளே விடுவதில்லை என்பதால் அடிவாரத்தில் தோப்பு தோப்பாக இடம் கேட்டு, இரவுக்கு மாடுகளை மடக்கிக் கிடை போட்டு வந்தான். ஐப்பசி மழையில் ஓடை பெருகி அக்கரைக்குப் போக வழியில்லாமல் நேற்று அவன் தவித்து நின்றபோது, உள்ளே ஓட்டிக்கொள்ளச் சொன்னவள் மாரீஸ்வரி. இடம் கொடுத்தவளுடைய எருவை விடியுமுன்னே அள்ளி எந்த வண்டியில் ஏற்றிவிட்டான் என்று அவள் கேட்டே விட்டாள்.

மாரிச்சாமி பல் தேய்த்துக்கொண்டிருந்தான். வாயிலிருந்த வேப்பங்குச்சியை எடுத்துவிட்டு அவளை ஒரு மாதிரி பார்த்தான்.

"நான் அள்ளி எங்கக்கா கொண்டு போவேன்? செத்த இங்க வாங்க."

மாமரத்தடியில் ஓரளவு முழுசாகத் தெரிந்த ஒரு சாணிக் குவியலை அவன் கம்பால் புரட்டினான். மேலே காய்ந்த ஏடு மட்டும்தான் இருந்தது. உள்ளே கூடு. அந்தக் கூட்டுக்குள் வண்டுகள் கொதித்துக்கொண்டிருந்தன. புளியங்கொட்டை போலச் சில, உளுந்து போலப் பல, மூக்கில் ஒற்றைக் கொம்பு வைத்த பெரியது ஒன்று. வெளிச்சம் பட்டதும் ஒவ்வொன்றும் தலையைத் தரையில் முட்டி, கால்களால் மண்ணைப் பின்னால் தள்ளி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே கீழே இறங்கி மறைந்தது. குனிந்தால் சரசரவென்று சத்தம்கூடக் கேட்டது.

மலையில் காட்டுமாடும் யானையும் போடுவதைத் தின்று வாழ்கிற வண்டுகள்தான், கிடை வாசனைக்குப் பறந்து வந்திருக்கும், மழைக்காலத்தில் எங்கே கிடை போட்டாலும் இப்படித்தான் என்று மாரிச்சாமி சொன்னான். அவனுக்கு அதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. மாரீஸ்வரி கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துவிட்டாள். எருவைத் திருடியவனைத் தேடி வந்தவள் அந்தக் கணத்தில் எருவையே மறந்துபோனாள்.

இதில் அவ்வளவு மெய்ம்மறக்க என்ன இருக்கிறது என்று கேட்டால், அவளுடைய இரண்டு வருஷத்துப் பாட்டைச் சொல்ல வேண்டும்.

மாரீஸ்வரி ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்கிற ஒரு யூனிட்டில் பதினைந்து வருஷம் சூப்பர்வைசராக இருந்தவள். தறிச் சத்தத்தில் காது மந்தமாகிக்கொண்டு வருகிறது என்று தெரிந்ததும் வேலையை விட்டாள். ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே, திருவண்ணாமலை என்று அந்தப் பக்கத்தில் சொல்கிற குன்றின் பெருமாள் கோயிலையும் தாண்டி அடிவாரத்தில், அவள் புருஷன் தங்கச்சாமிக்கு ஒரு சப்பட்டை ரக மாந்தோப்பு பங்காக வந்திருந்தது. தங்கச்சாமி லோடு ஆட்டோ ஓட்டுகிறவர், தோப்பைக் கவனிக்க நேரமில்லை. அங்கே குடிவந்து ஒன்பது கறவை மாடு வாங்கி மரத்தடிப் புல்லில் விட்டாள் மாரீஸ்வரி. முதல் வருஷம் எல்லாம் நன்றாகத்தான் போனது.

இரண்டாம் வருஷம் சாணி மக்க மறுத்தது. போட்ட சாணி போட்ட இடத்தில் அப்பளம் போலக் காய்ந்து மாதக்கணக்கில் கிடந்தது. அதைச் சுற்றி முளைத்த புல்லில் மாடு வாய் வைக்காது. மற்ற இடத்துப் புல்லை ஒட்ட மேய்ந்து தரை மொட்டையாகிவிட்டது. ஈ மொய்த்து மாடுகள் நாளெல்லாம் வாலை வீசிக்கொண்டே நின்றன, பால் குறைந்தது. எல்லாவற்றையும்விட மோசம், மழை பெய்தால் தண்ணீர் தரைக்குள் இறங்கவில்லை. காய்ந்த சாணியைக் கரைத்துக்கொண்டு செம்மண் சகதியாகச் சரிவில் ஓடி, கீழே இருந்த வைகுண்டராஜின் தென்னந்தோப்புக்குள் போய் அவருடைய கிணற்றில் விழுந்தது.

வைகுண்டராஜ் பொல்லாதவர் இல்லை. ஆனால் அந்தக் கிணற்றுத் தண்ணீரைத்தான் அவர் வீட்டில் குடித்தார்கள். அதே ஐப்பசியில், கிடை வந்து போன இரண்டாம் நாள், ஒரு பிளாஸ்டிக் பாட்டிலில் தேத்தண்ணி நிறத்தில் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு வந்து அவள் முன்னால் வைத்தார். கத்தவில்லை. அவர் கத்தியிருந்தால் அவளுக்குப் பதில் சொல்வது சுலபமாக இருந்திருக்கும்.

"இந்தா பாரு தாயி, அடுத்த ஐப்பசி வரைக்கும் பொறுப்பேன். அதுக்குப் பொறவு ஒண்ணு உன் மாடு இருக்கணும், இல்ல என் கிணறு இருக்கணும்."

சரிங்க அண்ணாச்சி என்று சொல்வதைத் தவிர அவளுக்கு வேறு வழியில்லை.

ஆனால் அந்த நாட்களில் அவள் முகத்தில் கவலையையே காணோம். கிடை போன பிறகும் வண்டுகள் போகவில்லை. கிழக்குப் பக்கம் அவளுடைய ஒன்பது மாடுகள் நின்ற இடத்திலும் அவை இறங்கியிருந்தன. இன்று மாலை போட்ட சாணி நாளை காலையில் மண்ணுக்குள். பால் கறப்பதற்கு முன்னால் போய்ப் புரட்டிப் பார்ப்பது அவளுக்கு வழக்கமாகிவிட்டது. ஒன்று சாணியை உருண்டையாகத் திரட்டிப் பின்னங்கால்களால் தலைகீழாக உருட்டிக்கொண்டு போகும். இன்னொன்று அதைப் பறிக்கப் பார்க்கும். ஒன்று அங்கேயே சுரங்கம் வெட்டும். அவள் சிரித்துக்கொண்டே பார்த்திருப்பாள்.

"ஏட்டி, கோயிலுக்குப் போறவ மாதிரி குளிச்சிட்டுப் போய்ச் சாணியப் பாக்கியே" என்று தங்கச்சாமி கேலி பண்ணினார். அவள் அவரையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டினாள். அவர் ஐந்து நிமிஷம் குத்துக்காலிட்டு இருந்துவிட்டு, லோடு ஏற்ற நேரமாகிவிட்டது என்று எழுந்து போனார். மத்தியானம் போன் பண்ணி, அந்தக் கொம்பு வைத்தது இன்னும் இருக்கிறதா என்று கேட்டார்.

கார்த்திகை பாதியில் வண்டுகளின் நடமாட்டம் அடங்கியது. முதலில் பெரியவை குறைந்தன, பிறகு சிறியவையும். சாணி மறுபடியும் வட்டு வட்டாகத் தரையில் காய ஆரம்பித்தது. மழை இன்னும் விட்டபாடில்லை, மண் ஈரமாகத்தான் இருந்தது. வந்த விருந்தாளி சொல்லிக்கொள்ளாமல் போனது போல அவளுக்கு மனசு ஆறவில்லை. எங்கேதான் போயின என்று பார்த்துவிடுவது என்று ஒரு நாள் காலையில் மண்வெட்டியை எடுத்தாள்.

கிடை கிடந்த மேற்குப் பக்கத்தில் முதலில் வெட்டினாள். ஒரு சாண் ஆழத்தில் மண் பொலபொலவென்று உதிர்ந்தது. சுரங்கத்தின் அடியில் நெல்லிக்காய் அளவில் உருண்டைகள் வரிசையாக இருந்தன. எல்லாம் சாணியால் பிடித்து வழவழவென்று தேய்த்தவை. ஒன்றை நகத்தால் உடைத்தாள். உள்ளே குழிவான அறை, அதில் சுருண்டு படுத்த வெள்ளைப் புழு, கொழுகொழுவென்று. சாணியைத் தின்றுகொண்டே தன் வீட்டைத் தானே குடைந்துகொண்டிருந்தது. அவள் அவசரமாக மூடினாள். வண்டுகள் சும்மா போகவில்லை. முட்டை வைத்து, பிள்ளைகளுக்குச் சோறும் கட்டி வைத்துவிட்டுத்தான் போயிருந்தன.

அந்தச் சந்தோஷத்தோடு கிழக்குப் பக்கம் வந்து தன் மாடுகள் நின்ற இடத்தில் வெட்டினாள். இங்கேயும் உருண்டைகள் இருந்தன. உடைத்தாள். உள்ளே கறுத்துக் காய்ந்த தோல் மாதிரி ஏதோ ஒட்டியிருந்தது. அடுத்ததை உடைத்தாள். அதுவும் அப்படியே. இன்னொரு குழி வெட்டினாள். பிறகு இன்னொன்று. ஒன்றில்கூட உயிர் இல்லை. மறுபடி மேற்கே ஓடிப் போய் வெட்டிப் பார்த்தாள். அங்கே புழுக்கள் நெளிந்தன.

மண்வெட்டிக் கணையைப் பிடித்துக்கொண்டு வேர்க்க விறுவிறுக்க நின்றாள் மாரீஸ்வரி. மண் ஒன்றுதான், மழை ஒன்றுதான், வந்த வண்டும் ஒன்றுதான். வேறாக இருப்பது சாணி மட்டும்தான். அவளுடைய மாட்டுச் சாணியில் ஏதோ இருக்கிறது. அவளுக்குப் பயம் பாதிதான். இத்தனை நாளாகக் கண்ணாமூச்சி காட்டிய ஒன்றின் முந்தானை நுனி கையில் அகப்பட்டுவிட்டது என்கிற பரபரப்புதான் மீதி.

இரண்டு டிபன் பாக்ஸைக் கழுவி, ஒன்றில் மேற்கு உருண்டைகளையும் இன்னொன்றில் கிழக்கு உருண்டைகளையும் மண்ணோடு வைத்து மூடினாள். பஸ் பிடித்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போனாள். பக்கத்து சீட்டுக்காரி வாசனை பிடித்து என்னம்மா கொண்டு போகிறாய் என்று கேட்டதற்கு, டாக்டருக்குக் காட்ட என்று மட்டும் சொன்னாள்.

கால்நடை டாக்டர் கல்பனாவுக்கு மாரீஸ்வரியைத் தெரியும். இரண்டு மாட்டுப் பிரசவத்துக்கு வந்திருக்கிறார். கூட்டம் கலைந்த நேரம். மாரீஸ்வரி இரண்டு பாக்ஸையும் மேஜைமேல் திறந்து வைத்து, இதிலிருந்து ஒன்று அதிலிருந்து ஒன்று என்று உடைத்துக் காட்டினாள். கல்பனா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குனிந்தார். தீவனத்தில் ஏதாவது கலப்படமா என்று மாரீஸ்வரி கேட்டாள். கல்பனா அதற்குப் பதில் சொல்லாமல் வேறு ஒன்றைக் கேட்டார்: குடல்புழுவுக்கு என்ன போடுகிறாய்?

அவள் சொன்னாள். உண்ணிக்கும் புழுவுக்கும் ஒரே ஊசி போதும் என்று ஒரு மருந்துக்கடைக்காரர் கொடுத்தது. ஒன்றரை மாதத்துக்கு ஒரு தரம், ஒன்பது மாட்டுக்கும், நோய் இருக்கிறதோ இல்லையோ, ஊசி போடத் தெரிந்த ஓர் ஆளைக் கூப்பிட்டுத் தவறாமல் போட்டுவிடுவாள். மாட்டை நன்றாகப் பார்த்துக்கொள்வதாகத்தான் அவள் நினைத்திருந்தாள்.

கல்பனா நிமிர்ந்து உட்கார்ந்தார். முதலில் திட்டினார். கறவை மாட்டுக்கு அந்த ஊசியைப் போடவே கூடாது, பாலில் இறங்கும் என்றார். மாரீஸ்வரிக்கு முகம் செத்துப்போயிற்று. அப்புறம் அவரால் திட்டிக்கொண்டே இருக்க முடியவில்லை. மறுபடி டிபன் பாக்ஸ் பக்கம் குனிந்துவிட்டார். அந்த மருந்து சாணி வழியாக வெளியே வரும், வாரக்கணக்கில் வந்துகொண்டே இருக்கும், அதைத் தின்கிற பெரிய வண்டு தப்பிவிடலாம், குஞ்சு தப்பாது என்று விளக்கினார். அவர் குரலே மாறியிருந்தது.

"படிச்சிருக்கேன் மாரீஸ்வரி. இப்படி ரெண்டையும் பக்கத்துப் பக்கத்துல வச்சுக் கண்ணால பாத்ததே இல்ல."

அன்றைக்கு இரண்டு பேரும் டீ வாங்கிவைத்து ஆறவிட்டு வெகுநேரம் பேசினார்கள். பேசப் பேச மாரீஸ்வரிக்குத் தன் தோப்பு முழுசும் ஒரே சங்கிலியாகக் கண்ணுக்குத் தெரிந்தது. வண்டு செத்ததால் சாணி மேலேயே நின்றது. சாணி மேலே நின்றதால் மண்ணுக்கு எருவும் இல்லை, காற்றுப் போக ஓட்டையும் இல்லை. அதனால் புல் போனது. புல் போன தரை வெயிலில் ஓடு போல இறுகியது. இறுகிய தரையில் மழைத் தண்ணீர் நிற்கவில்லை, தப்பித்தவறி வந்த வண்டாலும் தோண்டி இறங்க முடியவில்லை. அந்தத் தண்ணீர்தான் அண்ணாச்சியின் கிணறு வரைக்கும் போயிருக்கிறது. ஒரு சிறு பூச்சி சாணியைக் கொண்டுபோய் மண்ணில் புதைக்கிறது, அப்படிப் புதைத்த மண்தான் அந்தப் பூச்சிக்குப் பிள்ளை வளர்க்க இடம் கொடுக்கிறது. ஒன்றை அறுத்ததும் மற்றதும் அறுந்துவிட்டது.

"அப்ப திருப்பியும் கட்டலாமுல்லா டாக்டரம்மா?" என்று கேட்டாள்.

கட்டலாம் என்றுதான் கல்பனாவும் நினைத்தார். எவ்வளவு நாளாகும் என்று அவருக்கே தெரியவில்லை.

மாரீஸ்வரி அன்றோடு அந்த ஊசியை நிறுத்தினாள். வேகத்தில் எல்லா மருந்தையும் சேர்த்து நிறுத்திவிட்டாள். சாணியைக் கொண்டுவா, புழு முட்டை இருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறேன், இருக்கிற மாட்டுக்கு மட்டும் மருந்து கொடுக்கலாம் என்று கல்பனா படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். இவளோ மருந்து என்ற பேச்சையே காதில் வாங்கவில்லை. தை மாதம் அதற்கு விலை கொடுக்க நேர்ந்தது. சிட்டு என்று அவள் கூப்பிடுகிற கிடாரிக் கன்று கழியத் தொடங்கியது. ரோமம் சிலிர்த்து, தாடைக்குக் கீழே நீர் கோத்துத் தொங்கியது. தானாகச் சரியாகிவிடும் என்று இரண்டு நாள் பார்த்தாள். மூன்றாம் நாள் அதனால் எழுந்திருக்க முடியவில்லை.

கல்பனா ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். கன்றின் கண்ணிமையை விலக்கிப் பார்த்தார். வெளிறிக் கிடந்தது. குடல் முழுக்கப் புழு.

"வண்டப் பொழைக்க வைக்கிறேன்னு கன்னுக்குட்டியச் சாகடிச்சிருவ போலருக்கே."

மாரீஸ்வரி கன்றின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, அவர் நீட்டிய மருந்தை வாயோரமாகச் சிறிது சிறிதாக ஊற்றினாள். அழுதுகொண்டேதான் ஊற்றினாள். இது வேறு வகை, வண்டுக்கு அவ்வளவு கெடுதல் இல்லை, இருந்தாலும் கன்று தேறுகிறவரை கொட்டகையிலேயே கட்டி, அதன் சாணியைத் தனிக் குழியில் போட்டு மூடிவிடு என்று கல்பனா சொன்னார். குளுக்கோஸ் ஏற்றினார். மறுநாள் கன்று தவிட்டுத் தண்ணீரை நக்கியது. அதன் பிறகு மாதம் தவறாமல் ஒன்பது மாட்டுச் சாணியும் கல்பனாவின் மைக்ராஸ்கோப்புக்குப் போனது. பெரும்பாலான மாதங்களில் ஒரு மாட்டுக்கும் மருந்தே தேவைப்படவில்லை.

வைகாசியில் மாங்காய் இறக்கி முடித்ததும் மாரிச்சாமிக்குப் போன் போட்டாள். கோடைமழை இரண்டு பெய்து மண் இளகியிருந்தது. இந்தத் தடவை ஒரு ராத்திரி போதாது, பத்து நாள் தங்கு, தினம் ஒரு இடமாகக் கிடையை மாற்று, மேலே ஆரம்பித்துச் சரிவு முழுக்க வா, கிழக்கே என் மாடுகள் படுக்கிற இடத்தை மட்டும் விட்டுவிடு என்றாள். மாரிச்சாமிக்கு இடம் கிடைத்தது, மாட்டுக்குத் தண்ணீர் கிடைத்தது. அவனுக்கு விளங்காமல் போனது ஒன்றுதான்: எருவை அள்ள வேண்டாம், அப்படியே விட்டுவிடு என்று ஒரு தோப்புக்காரி சொன்னதை அவன் அதுவரை கேட்டதில்லை. தங்கச்சாமி வேலை முடிந்து வந்து கிடை மாற்ற உதவினார். மாடுகளின் பின்னாலேயே வண்டுகளும் வந்தன. போன ஐப்பசியில் வந்ததைவிடக் கூட்டம் அதிகம்.

ஆனி, ஆடியில் தோப்பின் நிறம் மாறியது. சாணி புதைந்த இடமெல்லாம் புல் குத்துக் குத்தாகக் கிளம்பி ஒன்றோடொன்று கை கோத்தது. கொண்டலாத்திக் குருவிகள் கொண்டையை விரித்துக்கொண்டு வந்து மண்ணைக் குத்திப் புழு எடுத்தன. தன் வண்டுக்குஞ்சைத் தின்கிறதே என்று மாரீஸ்வரி முதலில் விரட்டினாள், பிறகு அதுவும் இந்தத் தோப்புக்கு வந்த கூட்டத்தில் சேர்ந்ததுதான் என்று விட்டுவிட்டாள். உருட்டுகிற வண்டுகள் சில வேலிக்கு அடியில் புகுந்து வைகுண்டராஜின் தோப்புக்குள்ளும் போயின. ஈ குறைந்தது. மாடுகள் வாலை வீசாமல் படுத்து அசைபோட்டன. புரட்டாசிச் சனிக்கிழமைகளில் மலைக்கோயிலுக்குப் போகிறவர்கள் வண்டியை நிறுத்திப் புல்லைப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

இருந்தாலும் இரண்டு கேள்விகளுக்கு விடை கிடைக்கவில்லை. பெரிய மழை பெய்தால் தண்ணீர் என்ன செய்யும்? தன் மாடுகளின் சாணியில் பிறந்த குஞ்சுகள், மருந்து இல்லாத சாணியில், உயிரோடு வெளியே வருமா? கிழக்குப் பக்கத்தை அவள் ஒருநாளும் தோண்டிப் பார்க்கவில்லை. தோண்டினால் கூட்டை உடைத்துவிடுவோம் என்ற பயம் ஒரு பக்கம், உள்ளே என்ன இருக்குமோ என்ற பயம் இன்னொரு பக்கம்.

ஐப்பசியில் ஒரு நாள் மத்தியானம் மலை மேலே வானம் கறுத்தது. மரக்கிளைகள் ஆடும்போதே வைகுண்டராஜ் பெரிய குடையோடு வேலியோரம் வந்துவிட்டார். பஞ்சாயத்தில் காட்டுவதற்குப் படம் எடுக்க வேண்டும் என்று போனையும் கையில் வைத்திருந்தார். மாரீஸ்வரி சாக்கை மடித்துக் கொங்காணியாகத் தலையில் போட்டுக்கொண்டு, வேலிக்கு இந்தப் பக்கம் போய் நின்றாள். வாங்க அண்ணாச்சி என்றாள். அவர் தலையை மட்டும் அசைத்தார்.

மழை கொட்டித் தீர்த்தது. எதிரே இருக்கிற மரம் தெரியவில்லை. அவள் கண் தரையை விட்டு நகரவில்லை. போன வருஷம் இந்நேரம் செம்மண் சகதி கணுக்கால் அளவு இந்த வேலியைத் தாண்டியிருக்கும். இப்போது புல்லின் அடியில் தண்ணீர் தளும்பியது, தயங்கியது, பிறகு கிளுகிளுவென்று சத்தத்தோடு இறங்கியது. வண்டுத் துளைகளிலிருந்து காற்றுக் குமிழிகள் மேலே வந்து வெடித்தன. ஒரு துளை குடித்து நிரம்பினால் பக்கத்துத் துளை குடித்தது. அவள் மண்டியிட்டு உள்ளங்கையைத் தரையில் வைத்தாள். தரை தண்ணீரை உறிஞ்சுவது கையில் தெரிவது போலிருந்தது.

வெகுநேரம் கழித்துத்தான் வேலிக்குக் கீழே ஒரு சிறு ஓட்டம் வந்தது. மெலிசான ஓட்டம். வைகுண்டராஜ் குடையைத் தோளில் சாய்த்துக்கொண்டு குனிந்து அதைக் கையில் ஏந்தினார். மோந்து பார்த்தார். தண்ணீருக்கு அடியில் கைரேகை தெரிந்தது. சட்டைப் பையில் போனைப் போட்டுக்கொண்டார்.

"ஏம்மா, அம்புட்டுத் தண்ணியும் எங்க போச்சு?"

"கீழதான் அண்ணாச்சி. உங்க கிணத்துக்குத்தான் வரும். இந்தத் தடவ மண்ணு வழியா வரும்."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் மழை சட்டென்று விட்டது. மலைக்கும் மேகத்துக்கும் நடுவிலிருந்து மஞ்சள் வெயில் தோப்புக்குள் சாய்ந்தது. மாரீஸ்வரி எழுந்து, வேலியை ஒட்டிய கிழக்குப் பக்கம் திரும்பினாள். தன் மாடுகள் மட்டுமே படுத்த இடத்தில், மாரிச்சாமியின் கிடை ஒருநாளும் போகாத இடத்தில், மண் அசைந்தது.

முதலில் கண் ஏமாற்றுகிறது என்று நினைத்தாள். பொட்டு அளவு மண் மேலே எழும்பியது. அதன் நடுவில் பிளவு விழுந்தது. ஈரம் மினுங்க, புத்தம் புதுசாக, ஒரு கறுப்புத் தலை வெளியே வந்தது. உடம்பை இழுத்து மேலே ஏறி, முதுகு ஓட்டை விரித்து, உள்சிறகை உலர்த்தியது. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. கொஞ்சம் தள்ளி மூன்று. அதற்குள் அவள் காலுக்குப் பின்னாலும் மண் வெடித்தது. சிறகு விரிக்கிற சத்தம் விர்ர் விர்ர் என்று எல்லாப் பக்கமும் எழுந்தது.

"என்னங்க" என்று கத்தினாள். தங்கச்சாமி கொட்டகையிலிருந்து என்னவோ ஏதோ என்று ஓடி வந்தார். வராதீங்க, அங்கேயே நில்லுங்க என்று அதைவிடப் பலமாகக் கத்தினாள். இடுப்பில் பாலிதீன் பையில் சுற்றிச் செருகியிருந்த போனை எடுத்து, கல்பனாவைக் கூப்பிட்டாள். அவர் எடுத்ததும் போனைத் தரைக்குப் பக்கத்தில் நீட்டிப் பிடித்தாள்.

"கேக்குதா டாக்டரம்மா? எல்லாம் என் மாட்டுச் சாணியில பொறந்ததுக."

அந்தப் பக்கம் மேஜை டிராயர் இழுக்கிற சத்தமும் சாவிக்கொத்துச் சத்தமும் கேட்டன.

"நான் வாரேன். எதையும் மிதிச்சிராத."

அவள் எப்படி மிதிப்பாள்? காலை எடுத்து வைக்க இடமில்லை. வலது காலைத் தூக்கியவள் எங்கே ஊன்றுவது என்று தெரியாமல் ஒற்றைக் காலில் தள்ளாடி, மாமரக் கிளையைப் பிடித்துக்கொண்டாள். ஈரச் சாக்கு தலையிலிருந்து சரிந்து விழுந்தது. கொட்டகை வாசலில் தங்கச்சாமி சிலையாக நின்றார். வேலிக்கு அந்தப் பக்கம், மழை நின்று வெகுநேரமாகியும் குடையை மடக்க மறந்து, வைகுண்டராஜ் தன் செருப்பைச் சுற்றி மண் எழும்புவதைப் பார்த்துக்கொண்டு அசையாமல் நின்றிருந்தார்.